காத்து புடிச்ச கார்

போன வாரம் திண்டிவனம் ரோட்டில், ஒரு வேகத்தடையில் என் கார் மறுபடியும் திக்க ஆரம்பித்தது.

நிஜமாகவே திக்குவாய்தான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் குலுங்கும். அணைந்துவிடுவேன் என்று மிரட்டும். மிதித்தால்... ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும்.

பக்கத்து சீட்டில் என் அப்பா, எங்களுக்கு நைனா. பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. திண்டிவனத்தில் பிசியோதெரபிக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். எங்கள் ஊர் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறுவது நமக்கே சர்க்கஸ் — அவரால் முடியுமா? இப்போதுதான் அந்தக் கை டம்ளரைப் பிடிக்கப் பழகுகிறது. நடுவில் விட்டால் பழையபடி ஆகிவிடும் என்று எச்சரித்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக் மாற்றினார்கள். இன்னொன்றில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்து, பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழுவினார்கள். திக்கல் மட்டும் போகவில்லை.

"வித்துடலாம். ஞாயித்துக்கெழம வாங்கற பார்ட்டி வராரு" என்றார் வீட்டுக்காரர்.

"வேற வண்டி?"

"அப்பறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்பறம்' எப்போது வரும் என்று கல்யாணமான எல்லோருக்கும் தெரியும். நான் விடுவதாக இல்லை.

மெக்கானிக் செல்வத்துக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஸ்கேனர்ல பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தின்னுதான காட்டிச்சி? அப்ப எங்கியோ காத்து புடிச்சிருக்குதுக்கா. எந்த எடம்னு தெரிஞ்சா போதும். நான் வெளியூர்ல கீறேன், திங்கக்கெழம வந்து பாக்கறேன்."

திங்கட்கிழமை வண்டி இருந்தால்தானே?

கேட்டுக்கொண்டிருந்த அண்ணி — வீட்டுக்காரரின் அக்கா — தலையில் அடித்துக்கொண்டார்.

"அதான் அன்னிக்கே சொன்னேன். உச்சி வெயில்ல கோட்டையாண்ட புளியமரத்தடியில வண்டிய நிறுத்தாதன்னு. கேட்டியா? காத்து புடிச்சிக்கிச்சி."

நம் ஊரில் காத்து இரண்டு வகை. மூக்கில் போவது ஒன்று, ஆளைப் பிடிப்பது ஒன்று. செல்வம் சொன்னது முதல் வகை. அண்ணி கேட்டது இரண்டாவது.

நான் முதல் வகையை யோசித்தேன். பெட்ரோலும் காற்றும் அளவாகக் கலக்க வேண்டும். ஏதோ ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று புகுந்தால் கலவை கெடும். சரி, மிதித்தால் மட்டும் ஏன் நன்றாக ஓடுகிறது? ஒரு டம்ளர் காபியில் ஒரு கரண்டி தண்ணீர் விழுந்தால் நாக்கு கண்டுபிடிக்கும். அண்டா காபியில் விழுந்தால் தெரியாது. கால் எடுத்த எஞ்சின் டம்ளர். மிதித்த எஞ்சின் அண்டா. ஆக, ஓட்டை சின்னது. ஆனால் எங்கே?

சனிக்கிழமை காலை, பானெட்டைத் திறந்து ஸ்டார்ட் செய்தேன். ஒவ்வொரு ஹோஸாகக் குனிந்து பார்த்தேன். கை கருப்பானதுதான் மிச்சம்.

அண்ணி எலுமிச்சம்பழமும் ஒரு கட்டு ஊதுவத்தியுமாக வந்தார், வத்தியெல்லாம் புகைந்துகொண்டிருந்தன.

"சத்த நவுரு."

"அண்ணி, பெட்ரோல் வண்டி..." என்று மறித்து, முதலில் நன்றாக முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை துளியும் இல்லை. (இருந்தால் நெருப்பை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.) அதற்குள் அவர் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

வாசலில் நாற்காலியில் இருந்த நைனா குழறினார். "பொக... உள்ள போவுது."

பார்த்தேன். எங்கும் மேலே எழும்பிய புகை, எஞ்சினுக்குப் பின்னால் ஓர் இடத்தில் மட்டும் வளைந்து கீழே இறங்கியது.

ஒரே ஒரு வத்தியை வைத்துக்கொண்டு மற்றதை அணைத்தேன். நைனா எழுந்து வந்து கை நீட்டினார். வலது கை. எனக்கு பயம்தான். இருந்தாலும் கொடுத்தேன்.

எஞ்சின் இன்னும் சூடாகவில்லை, புகையைக் கலைக்க ஃபேனும் சுற்றவில்லை. கை நடுங்கியது. ஆனால் வத்தி விழவில்லை. புகை ஒரு ரப்பர் ஹோஸை ஒட்டியே போய், வளைவுக்கு அடியில் காணாமல் போனது. விரலை விட்டுத் தடவினேன். அடியில் ஒரு வெடிப்பு.

விரலால் அழுத்தினேன். திக்கல் நின்றது. எடுத்தேன், திக்கியது. மறுபடி அழுத்தினேன். சொல்ல வெட்கமில்லை, அழுதுவிட்டேன்.

"பாத்தியா, போயிடுச்சி" என்று அண்ணி டயருக்கு அடியில் எலுமிச்சையை வைத்தார். நானே வண்டியை ஏற்றி நசுக்கினேன். சத்தம் மாறியதைக் கேட்டு வெளியே வந்த வீட்டுக்காரர் பார்ட்டிக்கு போன் போட்டார். "வண்டி குடுக்கறதா இல்லைங்க."

திங்கட்கிழமை செல்வம் புது ஹோஸ் போட்டார். செவ்வாய்க்கிழமை திண்டிவனம். வழியெல்லாம் வேகத்தடை, ஒன்றில்கூட வண்டி திக்கவில்லை.

பிசியோதெரபி பெண் நைனாவின் கையைப் பிடித்துப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். "பிடிப்பு நல்லா வந்திருக்கே அப்பா. வீட்ல இன்னா எக்சர்சைஸ் பண்ணீங்க?"

நைனா நிதானமாக, திக்காமல் சொன்னார்:

"காத்து ஓட்டினேன்."