மஞ்சக்கரு நாய்க்கு

ஆண்டர்சன்பேட்டை சாம்ராஜ் காலம் பூரா எண்ணெய் போட்ட மனுஷன். கனரக இயந்திரத் தொழிற்சாலையில லூப்ரிகேஷன் செக்‌ஷன்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. எந்த மெஷின் முனகினாலும் "எண்ணெய் விடுடா அதுக்கு"ன்னு கத்துவாரு. அப்பேர்ப்பட்டவரு சொந்த வீட்டு அடுப்பங்கரையில எண்ணெய் டப்பாவையே ஒழிச்சுக் கட்டினாருன்னா நம்புவீங்களா? கட்டினாரு.

காரணம் எட்மண்ட். கூட வேலை பார்த்த சிநேகிதன், மாரடைப்பு வந்து பெங்களூருல ஸ்டென்ட் வெச்சுக்கிட்டு வந்தாரு. பார்க்கப் போனவருகிட்ட ரத்தக்குழாய் அடைச்சிருந்த படத்தைக் காட்டினாங்க. சாம்ராஜ் உத்து உத்துப் பார்த்தாரு. அடைச்ச பைப்பைக் குடைஞ்சே முடி நரைச்சவராச்சே! "இது இன்னா புதுசா? நம்ம ஸ்லட்ஜ், பைப்புல அடையற எண்ணெய்க் கசடுதான்யா"ன்னாரு. அவ்ளோதான், தீர்ப்பு சொல்லியாச்சு. எட்மண்டுக்கு டாக்டர் சொன்ன பத்தியத்தை இவரு வீடு மொத்தத்துக்கும் போட்டாரு. ஞாயித்துக்கிழமை கறி வெறும் தண்ணியில வெந்துது. சர்ச் முடிஞ்சு வர்றவங்களைப் பிடிச்சு நிறுத்திக் கொழுப்பைப் பத்திப் பிரசங்கம் வேற. ஃபாதரே இவரைக் கண்டா பக்கத்து கேட்டு வழியா நழுவினாரு.

பெரியவங்க எப்படியோ தப்பிச்சுக்கிட்டாங்க. மகன் சரத்தும் மருமக சில்வியாவும் விடியறதுக்கு முன்ன கோரமண்டல் ஸ்டேஷன்ல ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போறவங்க. அங்க வடையும் பஜ்ஜியும் கிடைக்கும். மாட்டினது ஒன்றரை வயசுப் பேத்தி நிக்கோல்தான். பகல் பூரா அவ தாத்தா பொறுப்பு.

தாத்தாவுக்கு அவ மேல உயிர். இவ விஞ்ஞானி ஆகணும், மூளைன்னா அப்படி ஒரு மூளையா இருக்கணும்னு கொள்ளை ஆசை. படம் போட்ட அட்டையெல்லாம் வாங்கி வந்து யானை, ஒட்டகம்னு காட்டுவாரு. சாப்பாடு? பாலைக் காய்ச்சி ஆடையை எடுப்பாரு, ஆற வெச்சு மறுபடியும் எடுப்பாரு. மிஞ்சின வெள்ளைத் தண்ணியை "எவ்ளோ சுத்தமா இருக்கு பாரு கண்ணு"ன்னு குடுப்பாரு. முட்டையில வெள்ளை குழந்தைக்கு. மஞ்சக்கருவும் பாலாடையும் வாசல்ல நிக்கிற தெருநாய்க்கு. நாய் பளபளன்னு ஆச்சு. கேட்டுக் கொண்டியைத் தானே திறக்கக் கத்துக்கிச்சு. அந்த வீட்டுல மூளை வளர்ந்தது அதுக்குத்தான்!

நிக்கோல் வெச்ச இடத்துல உக்காந்திருப்பா. அழறதுக்கும் தெம்பில்ல, ஒரு வார்த்தை பேசறதும் இல்ல. "எவ்ளோ அடக்கமான குழந்தை"ன்னு மனுஷனுக்குப் பெருமை தாங்கல.

தடுப்பூசி போடப் போன இடத்துல நர்ஸ் எடை பார்த்துட்டு முகம் சுளிச்சாங்க. போன தடவை இருந்த எடையேதான். சில்வியா பதறிப்போய் லீவு போட்டு, மாமனாரையும் கூட்டிக்கிட்டு, கோலார்ல ஒரு குழந்தைகள் டாக்டரம்மாகிட்ட ஓடினா.

"குழந்தைக்கு என்ன குடுக்கறீங்க?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க.

சாம்ராஜ் நெஞ்சை நிமித்திக்கிட்டு எட்மண்ட் பத்தியத்துல ஆரம்பிச்சு ஒண்ணு விடாம சொன்னாரு, மெடல் வாங்கப் போறவரு மாதிரி.

டாக்டரம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க. "சார், அந்தப் பத்தியம் உங்க சிநேகிதருக்கு. இவளுக்கு இல்ல. மூளையில தண்ணியைத் தள்ளிட்டுப் பார்த்தா பாதிக்கு மேல கொழுப்புதான். முதல் ரெண்டு வருஷத்துலதான் அது விறுவிறுன்னு வளருது. நரம்பு மேல உறை கட்டறதுக்கே கொழுப்பு வேணும். நீங்க அதை எடுத்து எடுத்து வெளிய கொட்டியிருக்கீங்க."

சாம்ராஜ் திரும்பி நிக்கோலைப் பார்த்தாரு. "விட்டுப் போனது திரும்ப வருமாம்மா?"ன்னாரு.

"ஒழுங்கா குடுத்தா எடை ஏறும். மத்தது போகப் போகத்தான் தெரியும்."

வீட்டுக்கு வந்ததும் வராததுமா மளிகைக் கடைக்கு ஓடினாரு. பெரிய பாட்டில் நெய். பருப்பு சாதத்துல ஊத்தோ ஊத்துன்னு ஊத்தினாரு, சாதம் மிதந்துது. சில்வியா தட்டைப் பிடுங்கினா. "இவ்ளோ போட்டா வயித்தால போகும் மாமா. ஒரு ஸ்பூன் போதும்."

வேற கிண்ணத்துல பிசைஞ்சு அவளே ஊட்டினா. நிக்கோல் வாயை மூடாம வாங்கிக்கிட்டா.

"திங்கக்கிழமையிலிருந்து இவளை என்கூட ரயில்ல கூட்டிட்டுப் போறேன். ஆபீஸ் பக்கத்துல குழந்தைங்களைப் பார்த்துக்கற இடம் இருக்கு"ன்னா சில்வியா.

"இன்னாத்துக்கும்மா அங்க? நான்தான் பார்த்துக்கறேனே."

சில்வியா குரலை உசத்தல. குழந்தை வாயைத் துடைச்சுக்கிட்டே, "பார்த்துக்கிட்டீங்க மாமா"ன்னா.

நெய் ஒட்டின கையோட அவரு அங்கயே நின்னாரு.