கயிற்றுக்கு வெளியே ஓடியவள்

போட்டியைப் பற்றி மாமா எழுதித் தந்த ஒன்றரைப் பக்க இங்கிலீசைப் பத்து நாளில் தண்ணீர்போலப் பாடமாக்கியிருந்தேன். பரீட்சை அன்று முதல் இரண்டு வரிகளைத் தவிர அதில் வேறொன்றையும் நான் சொல்லவில்லை. பயத்தில் பிள்ளை மறந்துபோனாள் என்று எங்கள் வீட்டார் பிற்காலத்தில் பூசி மெழுகினார்கள். நான் மறக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அந்த ஒன்றரைப் பக்கத்தையும் பிசகாமல் ஒப்புவிப்பேன். வேண்டாம் என்றுதான் விட்டேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. உரும்பிராயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி மிஷன் பள்ளிக்கூடம் இருந்தது. அம்மாவின் தமையனான மாமா அங்கே இங்கிலீசு வாத்தியார். உத்தியோகத்துக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக்காரராகவும் மற்ற ஆறு நாளும் சைவராகவும் இருந்தவர். இரண்டிலும் அவரைக் குறை சொல்ல முடியாது.

பட்டணத்துப் பெண்கள் விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்று, வலிகாமத்துப் பிள்ளை ஒருத்தியைப் படிப்புச் சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொள்வதாக அந்த வருஷம் அறிவித்திருந்தது. இங்கிலீசில் கதைத்துக் காட்டவேண்டும், அதுதான் பரீட்சை. தலைப்பு: ‘போட்டி’. பண்டத்தரிப்பிலிருந்துகூடப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மாமா என்னைக் காலையும் மாலையும் பிடித்து இருத்தினார். போட்டி மனிதரை உயர்த்தும் என்று தொடங்கும் அவருடைய கட்டுரை. அதோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. இரண்டாம் பந்தியில்தான் வழக்கு: “போன மாதம் பள்ளிக்கூட ஓட்டப்போட்டியில் நான் முதலாவதாக ஓடி வந்தேன். என் உள்ளம் மகிழ்ச்சியால் துள்ளியது.”

நான் முதலாவதாக வரவில்லை. வந்தவள் வல்லி.

வல்லி என் வகுப்புத்தான். ஆனால் நாங்கள் வாங்குப் பலகைகளில் இருக்க, அவளும் இன்னும் ஐந்தாறு பிள்ளைகளும் நிலத்தில் இருப்பார்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்தவேண்டுமென்று அரசாங்கம் கட்டளை போட்டிருந்தது. அப்படி இருத்திய இரண்டொரு பள்ளிக்கூடங்களின் ஓலைக்கூரை எரிந்துபோன செய்தியும் கூடவே வந்திருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓலைக்கூரைதான். அதனால் கட்டளை மேசையின் இழுப்பு லாச்சிக்குள் கிடந்தது. இங்கிலீசுப் பாடம் வந்ததும் நிலத்துப் பிள்ளைகளை முற்றம் கூட்ட அனுப்பிவிடுவார்கள்.

வல்லியின் தாயும் தகப்பனும் எங்கள் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். பள்ளிக்கூடம் விட்டால் அவளும் நானும் தோட்டக் கிணறுவரை ஓடுவோம். ஒருநாளாவது நான் முந்தியதில்லை. நான் மூச்சிரைக்க வந்து சேரும்போது அவள் துலாக்காலில் சாய்ந்து நின்று வேப்பங்காய் எறிந்துகொண்டிருப்பாள்.

போட்டி நாளில் அவள் பெயர் பட்டியலில் இல்லை. பட்டியல் போட்டது மாமா. ஓடும் பாதையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். நிலத்துப் பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டலாம். விசில் ஊதினார்கள். நாங்கள் எட்டுப்பேர் ஓடினோம். பாதி தூரத்தில் எனக்கு முன்னால் ஒருத்தரும் இல்லை என்ற சந்தோஷத்தில் பக்கவாட்டில் பார்த்தேன். கயிற்றுக்கு வெளியே, பனங்கொட்டையும் நெருஞ்சியும் கிடந்த தரையில், பாவாடையை முழங்காலுக்கு மேலே அள்ளிப் பிடித்துக்கொண்டு வல்லி ஓடுகிறாள். என்னைக் கடந்தாள். முடிவுக் கம்பத்துக்கு நேரே நின்ற பனையை ஓங்கி அறைந்துவிட்டுத் திரும்பி, நாங்கள் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஓடியதைக் கூட்டம் முழுக்கக் கண்டது, பிறகு காணாததுபோல எனக்குக் கைதட்டியது. பரிசாகத் தேநீர் குடிக்கும் எனாமல் பேணி ஒன்றும் தந்தார்கள்.

பரீட்சை எங்கள் பள்ளிக்கூட மண்டபத்திலேயே நடந்தது. சோதிக்க வந்தவர் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி. அவருக்குக் காது மந்தம். பள்ளிக்கூட முகாமையாளரும் மாமாவும் பின்னால் கதிரைகளில் இருந்தார்கள். யன்னல் நிறையப் பிள்ளைகளின் தலைகள். வல்லியின் தலையும் அதற்குள் இருந்தது.

எனக்கு முன்னே போன ஐந்து பிள்ளைகளும் போட்டி மனிதரை உயர்த்தும் என்றார்கள். மற்ற ஊர்களிலும் மாமாமார் இருந்திருக்கவேண்டும். நானும் அப்படியே தொடங்கினேன். சீமாட்டி கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, நீ எப்போதாவது வென்றிருக்கிறாயா என்று கேட்டார். இரண்டாம் பந்தி நாக்கு நுனியில் நின்றது. யன்னலைப் பார்த்தேன்.

“இல்லை” என்றேன் இங்கிலீசில். “பரிசு எனக்கு. வென்றது வல்லி.”

அவர் காதுக்குக் கையைக் குடையாகப் பிடித்து, என்ன என்றார். நான் சத்தமாகச் சொன்னேன். மறுபடியும் என்ன என்றார். வல்லி, வல்லி என்று கத்தினேன். அவளை ஏன் கயிற்றுக்குள் விடவில்லை, நிலத்தில் யார் யார் இருக்கிறார்கள், கட்டளை எந்த லாச்சிக்குள் கிடக்கிறது என்று எல்லாவற்றையும் கத்தினேன். எழுவாய் ஓரிடத்தில், பயனிலை வேறிடத்தில். இலக்கணம் பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை. முகாமையாளர் இருமினார். மாமா தலையை நிமிர்த்தவே இல்லை. சீமாட்டி எழுதிக்கொண்டே இருந்தார்.

வீட்டு வாசல் படலையடியில் மாமா என்னை மறித்தார்.

“என்னடி செய்துபோட்டு வந்து நிக்கிறாய்?”

“நான் சொன்னது பொய்யோ மாமா?”

“பொய்யெண்டால் சமாளிச்சிருப்பன்” என்றார். “அந்தப் பிள்ளையளை உள்ளுக்கை எடுக்க நான் எத்தினை பேரின்ரை காலிலை விழுந்தனான் எண்டு உனக்குத் தெரியுமோ? நிலத்திலை இருந்தெண்டாலும் நாலெழுத்துப் படிக்கட்டும் எண்டுதானே பேசாமல் இருந்தனான். அவளை ஓட விட்டிருந்தால் பள்ளிக்கூடம் எரிஞ்சிருக்கும்.”

“எரிஞ்சால் வேறை கட்டலாம்.”

அவர் கையை ஓங்கினார். நான் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் அடிக்காமல் போய்விட்டார்.

அடுத்த கிழமை ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். என் தகப்பன், ஐயாவும் போயிருந்தார். அதற்குப் பிறகு நிலத்துப் பிள்ளைகள் ஒருவரும் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. தோட்டத்தில் வேலை கூடிவிட்டது என்று அம்மா சொன்னார். நான் நம்பினேன்.

மாத முடிவில் பட்டணத்திலிருந்து கடிதம் வந்தது. மாமாதான் வாசித்தார். மற்றப் பிள்ளைகள் பாடமாக்கியதை ஒப்புவித்தார்கள், இந்தப் பிள்ளை ஒருத்திதான் இங்கிலீசில் கதைத்தாள் என்று சீமாட்டி எழுதியிருந்தார். அந்த ஒரு இடம் எனக்கு. கடிதத்தை மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாமா சால்வையை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் தோட்டத்துக்கு ஓடினேன்.

வல்லி புகையிலைக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றாள். கால் இரண்டும் செம்மண். நான் சொல்லத் தொடங்குமுன் அவளே கேட்டாள்:

“அண்டைக்கு என்ரை பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினனி. என்ன சொன்னனி?”

முழுவதையும் தமிழில் சொன்னேன். அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள். என் துணிச்சலை மெச்சுவாள் என்று காத்திருந்தேன்.

“அப்ப பட்டணத்துக்கு ஆர் போறது?”

“நான்தான்.”

“ஓடினது நான். போறது நீயோ?”

“உனக்கு இங்கிலீசு தெரியாதே” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

“படிப்பிச்சிருந்தால் தெரிஞ்சிருக்கும். உன்னைவிட வடிவாய்க் கதைச்சிருப்பன்” என்றாள். பிறகு வாய்க்காலை வெட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினாள். தண்ணீர் என் காலை நனைத்தது. நான் விலகும்வரை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்காக முகாமையாளருக்கு முன்னால் கத்தியவள் நான், மாமாவின் ஓங்கிய கைக்கு முன்னால் நின்றவளும் நான். விறுவிறென்று வீட்டுக்கு வந்தேன். அம்மா என் உடுப்புகளைத் தகரப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வல்லிக்கு என்னிலை எரிச்சல், அம்மா” என்றேன். “எனக்கு இடம் கிடைச்சது அவளுக்குப் பொறுக்கேல்லை.”

“ஓம் பிள்ளை, அதுகள் அப்பிடித்தான்” என்றார் அம்மா. எனக்கும் அது சரியாகவே பட்டது. ஓட்டத்தில் எப்போதும் முந்துகிறவளுக்கு ஒரு தடவை தோற்கவும் தெரிந்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு, பெட்டி மூடியை அழுத்திப் பிடித்தேன்.