மிச்சமிருந்தால் ஏறலாம்

காலை 6.10. பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஆட்டோ பிடித்தேன். மீனம்பாக்கம் விமான நிலையம் இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். அறுநூறு கேட்டார், ஐந்நூற்றைம்பதுக்குப் படிந்தது. நாளை டெல்லியில் பேத்திக்கு ஞானஸ்நானம். மகள்தான் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாள். என் மனைவி ஸ்டெல்லா இறந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டைப் பூட்டும்போது கேஸை அணைத்தாயிற்றா என்று கேட்க ஆளில்லை.

6.50. பூந்தமல்லி. மெட்ரோ தூண்களுக்குக் கீழே நெரிசல். நாட்டின் விமான நிறுவனத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன் என்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அதத்தான் வித்துட்டாங்களே சார். உனுக்கு கஸ்டமா இல்ல?"

கஷ்டம்தான். தனியார் ஆரம்பித்ததை அரசாங்கம் எடுத்து வளர்த்தது. நான் சேர்ந்தபோது உள்ளூர்த் தடங்களில் விசிறி சுழலும் சின்ன விமானங்கள். பிறகு எங்கும் ஜெட் வந்தது. உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று என்றிருந்த இரண்டு நிறுவனங்களையும் ஒன்றாக்கினார்கள். நஷ்டம் நின்றபாடில்லை. கடைசியில் பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. போகட்டும், அங்கேயாவது நன்றாக இருக்கட்டும்.

எங்களுக்கு அது தந்தது ஸ்டாஃப் டிக்கெட். காசு கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறி, இடம் மிச்சமிருந்தால்தான் நமக்கு. நானும் ஸ்டெல்லாவும் புளிசாதப் பொட்டலத்தோடு ஓரமாக நிற்போம். ஒரு சீட்தான் இருக்கிறது என்பார்கள். நீ போ என்பேன். போனால் சேர்ந்துதான் என்று அவள் ஒரே பிடியாக நிற்பாள். திரும்பி வந்து அந்தச் சோற்றை வீட்டில் உட்கார்ந்து தின்போம். மகளைப் பார்க்க எப்போதும் ரயில்தான்.

8.40. விமானத்துக்கு வரிசை நகர்ந்தது. எல்லோரும் ஏறட்டும் என்று தூணோரம் நின்றேன். வரிசை தீர்ந்த பிறகும் கால் நகரவில்லை. பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கதவை மூடப்போன பெண் அருகில் வந்து என் கையிலிருந்த போர்டிங் பாஸை வாங்கிப் பார்த்தாள்.

"அங்கிள், உங்களுக்குத்தான் சீட் போட்டிருக்கே. இன்னும் ரெண்டு நிமிஷத்துல பிளைட் போயிருக்கும். யாருக்காக நிக்கிறீங்க?"

பழக்கம்மா என்று சொல்லிவிட்டு ஓடினேன். அழுகை வந்துவிட்டது.

9.05. கதவு மூடியது. எனக்கு ஜன்னலோரம். பக்கத்து சீட்டுக்கு யாரும் வரவில்லை. சேர்ந்தாற்போல் இரண்டு இடத்துக்காக எத்தனை நாள் அந்த வாசலில் நின்றோம், ஸ்டெல்லா. இன்றைக்குக் கிடைத்திருக்கிறது.