விரத நாட்களில் விட்ட குளிசை

எச்.ஐ.வி. கிளினிக்கின் நடையில் சுவரைப் பார்த்தபடிதான் இருப்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, வெள்ளவத்தையில் தனியாளாக மூன்று குழாய்ச்சாமான் கடை போட்டவன் நான். எவருக்கும் முகத்தை மறைத்ததில்லை. அங்கே மறைத்தேன்.

எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும், அது போதும். மனைவி உயிரோடில்லை. கனடாவில் இருக்கும் மகளுக்குச் சொல்லவில்லை.

மூன்று வருடம் குளிசை (மாத்திரை) நன்றாகக் கேட்டது. பிறகு உடம்பு வற்றியது. வாய்க்குள் வெள்ளை படர்ந்தது. வைரஸுக்கு எதிர்ப்பு (மருந்துக்கு அடங்காத நிலை) வந்துவிட்டது என்றார் டொக்டர். என் மகளின் வயதுதான் அவருக்கும்.

“ஐயா, குளிசையை எப்பவாவது விட்டனீங்களோ?”

“நானோ? நான் சொன்னாச் சொன்னதுதான் பிள்ளை.”

புதிய மருந்தொன்றைப் பற்றி விளக்கினார். வைரஸின் புரதம் நம் வெள்ளணுவின் (நோயை எதிர்க்கும் இரத்த அணு) புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழையுமாம். மருந்து முந்திப்போய் நம் புரதத்தில் ஒட்டிக்கொண்டால் வைரஸுக்குப் பிடி கிடைக்காது.

“மரையிலை பெயின்ட் இறுகினா நட்டு ஏறாது. அதுதானே?” என்றேன்.

“எனக்குப் படிப்பிச்ச ஆக்களே இப்பிடிச் சொல்லேல்லை ஐயா” என்று சிரித்தார். உடனே முகம் மாறியது. “இதையும் விட்டியளெண்டா, பிறகு தர என்னட்டைப் பெரிசா ஒண்டும் இல்லை. உண்மையைச் சொல்லுங்கோ.”

எழுபத்தொரு வயதில் நாக்குக் குழறியது. “கந்தசஷ்டி ஆறு நாளும் விட்டனான். வெள்ளிக்கிழமையளும். விரதத்திலை எப்பிடிக் குளிசை...”

“விரதம் நீங்கள்தானே பிடிச்சனீங்கள். வைரஸ் பிடிக்கேல்லையே ஐயா.”

நீங்களும் விரதமோ நோன்போ பிடிப்பவரென்றால் டொக்டரிடம் கேட்டுவிடுங்கள். கௌரவம் பார்க்காதீர்கள்.

என் வைரஸ் அந்த வழியால்தான் நுழைகிறதா என்று இரத்தத்தைச் சோதித்தபின், மற்ற மருந்துகளோடு சேர்த்து அதையும் தந்தார்கள். இம்முறை சஷ்டியன்று கோயில் மண்டபத்திலேயே குளிசையை விழுங்கினேன்.

“என்ன அண்ணை, விரதத்திலை மருந்தோ?” என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

“பிரஷர் தம்பி.”

அதற்குமேல் சொல்ல அங்கே யாருமில்லை.

இப்போது வைரஸ் சோதனையில் அகப்படாத அளவில் இருக்கிறது. போய்விடவில்லை; உள்ளே வர வழியில்லாமல் நிற்கிறது. என் நாளும் காலை எட்டு, இரவு எட்டு என்று இரண்டு துண்டாகிவிட்டது.

நேற்றுச் சவரம் செய்கையில் கன்னம் கீறியது. முன்பென்றால் என் இரத்தத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கும். நேற்று, அது காயும்வரை கண்ணாடிமுன் நின்று பார்த்தேன். எட்டு மணிக்கு இன்னும் நேரமிருந்தது.