நெளிந்த தகடு

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஐந்து மாடி ஜவுளிக்கடை ஒன்று கட்டினோம். நான் சைட் இன்ஜினியர். காற்றோ நில அதிர்வோ பக்கவாட்டில் தள்ளினால் தாங்குவதற்குக் கனமான கான்கிரீட் சுவர் வைப்பது வழக்கம். அது இடத்தை அடைக்கும் என்று சென்னை டிசைனர், இரும்புத் தூண்களுக்கு நடுவே மெல்லிய இரும்புத் தகட்டையே சுவராக வைக்கச் சொல்லியிருந்தார். எனக்கு அது புதுசு. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவு வீம்பு.

தகட்டின் நாலு ஓரத்தையும் வெல்டிங் செய்தவர் மலைமேல் இருக்கும் கரியாலூர்க்காரர். என் வயதுதான். முதல் மாடி முடிந்த அன்று கடை முதலாளி பார்க்க வந்தார். தகடு லேசாக அலை அலையாக நின்றது.

"இன்னா சார் இது, இப்பவே நெளிஞ்சிக்கினு கீது?"

எனக்கு மானமே போய்விட்டது. "வெல்டர் சரியில்லைங்க" என்று சட்டென்று சொல்லிவிட்டேன்.

"மெலிசு தகடு சார், சூடு பட்டா கொஞ்சம் நெளியும். இவ்ளோ இருக்கலாம்னு டிராயிங்லயே போட்டுகீது, பாருங்க" என்றார் வெல்டர்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா? மூட்டைய கட்டு."

எல்லார் எதிரிலும் சொன்னேன். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் டிசைனர் வந்து தகட்டைத் தடவிப் பார்த்தார்.

"இது நெளியத்தான் செய்யும். கட்டடத்த பக்கவாட்டுல தள்ளுனா இன்னும் நெளியும், அப்புறம்தான் மூலைக்கு மூலை வெறச்சி இழுத்துப் புடிக்கும். ஈர வேட்டிய ரெண்டு பேரு எதிர் மூலையில புடிச்சி இழுக்கிற மாதிரி. அந்த இழுப்ப ஓரத்து வெல்டிங்தான் தாங்கணும். இத யாரு செஞ்சது? பிரமாதம். மத்த மாடியும் அவரையே செய்யச் சொல்லுங்க."

நெளிவு எவ்வளவு இருக்கலாம் என்பது டிராயிங்கிலேயே இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

கரியாலூர் போனேன். ஒரு லாட்ஜுக்கு ஜன்னல் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன், வேலைக்குக் கூப்பிட்டேன்.

"வேலை வேணாங்க சார். எம்மேல தப்பு இல்லன்னு அந்த முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவரு பேசனதுல டவுன்ல யாருமே கூப்பிட மாட்டேங்கறாங்க."

சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு மலை இறங்கினேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். சொன்னால் என் பெயர் கெடும் என்ற பயம், வேறொன்றுமில்லை.

கடை திறப்பன்று முதலாளி என் தோளில் கை போட்டு, வந்திருந்தவர்களிடம் சொன்னார்: "சார் ரொம்ப கறாரு. வேலை சரியில்லன்னு ஒரு வெல்டர அன்னிக்கே தொரத்திட்டாரு."

நான் சிரித்தேன்.