வாசலில் நின்ற மிஸ்

எண்ணூரில் ஓர் ஆலையில் பாதுகாப்புப் பொறியாளராக இருக்கிறேன். செய்யக்கூடாதவற்றைப் பட்டியல் போடுவது என் வேலை. அம்மாவின் வகுப்பில் இல்லாதவற்றையும் அப்படியே சொல்லிவிடலாம்: பிரம்பு, ஸ்கேல் அடி, முட்டிபோடுதல், கத்தல். இருந்தது ஒரே தண்டனைதான். தாமதமாக வருபவர்கள் முதல் பீரியட் முடியும்வரை வாசலுக்கு வெளியே நின்று பாடம் கேட்க வேண்டும்.

கொருக்குப்பேட்டையில் ஒரு கிறிஸ்தவ சபை நடத்திய பள்ளி அது. நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது அம்மாதான் வகுப்பாசிரியை. வீட்டைத் தாண்டியதும் எனக்கும் அவள் ‘மிஸ்’. தினமும் டிபன் பாக்ஸ்களை மூடிக்கொண்டே, “ஆண்டவரே, எனக்குச் சாந்தகுணத்தைத் தாரும்” என்று ஜெபிப்பாள். ஏற்கெனவே தேவைக்கு மேல் இருப்பதை எதற்குத் தினமும் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றும். “உங்க கிளாஸ் மீன் மார்க்கெட்டு மாதிரி கீது மிஸ்” என்று பக்கத்து வகுப்பு சார் முகத்துக்கு நேரே சொல்வார். அதற்கும் சிரிப்பாள்.

அந்த வருடம் அப்பாவின் தொழிற்சாலை மூடிக் கிடந்தது. அம்மாவின் வேலையோ தற்காலிகம். தாளாளர் வந்து வகுப்பைப் பார்த்துத் திருப்தி அடைந்தால்தான் நிரந்தரமாகும். வீட்டில் எல்லாருடைய ஜெபமும் அதுவாகத்தான் இருந்தது.

வகுப்பு ஜன்னலுக்கு எதிரே ரயில் பாதை. பிள்ளைகள் பலரின் வீடுகள் அதற்கு அந்தப் பக்கம். கூட்ஸ் வண்டி வந்து நின்றுவிட்டால் எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. பையை முன்னால் தள்ளிவிட்டுப் பெட்டிகளுக்கு அடியில் தவழ்ந்து வருவதுதான் அங்கே வழக்கம். இது தெரிந்த அன்று அம்மா எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, இனி அப்படி வரமாட்டோம் என்று வாக்குக் கொடுக்க வைத்தாள். கோரஸாகக் கொடுத்தோம். என் வீடு இந்தப் பக்கம்தான் என்பதால் என் குரல் எல்லாரையும்விட உரக்கக் கேட்டது.

அதே வாரம் ஒரு நாள் கஸ்தூரி பாதி பீரியடில் வந்து நின்றாள்.

“கூட்ஸ் நின்னுகினு கீது மிஸ்.”

தாமதமாக வரும் எல்லாரும் சொல்லும் காரணம் அது. அம்மா வகுப்பைப் பார்த்தாள். கஸ்தூரியின் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

“இவங்களுக்கு இல்லாத கூட்ஸ் உனக்கு மட்டும் வந்துச்சாக்கும்? பொய் சொல்லாத. வெளிய நில்லு.”

அம்மாவின் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். கஸ்தூரி மறுபேச்சில்லாமல் நின்றாள். மணி அடித்த பிறகு கடைசி பெஞ்ச் தேவா சிரித்துக்கொண்டே சொன்னான்: “நாங்கல்லாம் அடியில பூந்து வந்துட்டோம் மிஸ். இந்த லூசுதான், மிஸ்ஸாண்ட வாக்கு குடுத்துக்கிறோமேன்னு அங்கியே குந்திகினு இருந்துச்சி.”

வகுப்பே சிரித்தது, அம்மாவைத் தவிர.

மறுநாள் தாளாளர் வருவதாக இருந்தது. அம்மா துவைத்துக் கஞ்சிபோட்ட புடவையில் நேரத்துக்கு வந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை. கஸ்தூரி நின்ற அதே இடத்தில் நின்றாள்.

“சொன்ன சொல்லைக் காப்பாத்துன பிள்ளைய நேத்து நான் பொய்க்காரின்னுட்டேன். மன்னிச்சிரும்மா கஸ்தூரி. இன்னைக்கு என் முறை.”

“ஐயோ, வேணாம் மிஸ், உள்ள வா மிஸ்!” என்று கஸ்தூரி அழத் தொடங்கினாள். அம்மா அங்கிருந்தபடியே பாடத்தை ஆரம்பித்தாள். கரும்பலகையில் எழுத வேண்டியதை, மூக்கைத் துடைத்துக்கொண்டு, கஸ்தூரி எழுதினாள்.

தப்பிக்கும் வழிகளை நான் மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். தண்டனையை நாளைக்குத் தள்ளிப்போட்டிருக்கலாம். தாளாளரின் தலை தெரிந்ததும் உள்ளே வந்துவிடலாம். காற்றுக்காக நிற்பதாகச் சொல்லலாம். அம்மாவோ, தாளாளர் வந்து நின்றதும், அவரிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

“டீச்சரே இப்படி நின்னா நாளைக்கு எந்தப் பிள்ளை பயப்படும்? உள்ள போங்க.”

“சரிங்கய்யா. மணி அடிச்சதும் போயிருதேன்.”

அவ்வளவு பணிவாக ஒருவர் மறுத்துப் பேசி நான் இன்றுவரை வேறெங்கும் கேட்டதில்லை. தாளாளர், அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். “கொஞ்சம் உள்ள போயிருக்கலாமே” என்று மட்டும் வீட்டில் அப்பா சொன்னார்.

அடுத்த வாரம் தாளாளர் வந்த காலையில் கூட்ஸ் நின்றிருந்தது. பாதி பெஞ்சுகள் காலி. தேவாகூட இல்லை.

“எங்க உங்க பிள்ளைங்க?”

அம்மா ஜன்னலைக் காட்டினாள். பெட்டிகளுக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சின்னச் சின்னக் கால்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு தலையும் குனியவில்லை.

அம்மாவின் வேலை நிரந்தரமாக மேலும் ஒரு வருடம் ஆனது. அன்றைக்கு அதுகூட எனக்குத் தெரியாது. என் எரிச்சல் வேறு. வகுப்பு காலியாகக் கிடக்கிறது, தாளாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார், இவள் பாட்டுக்கு அந்தக் கால்களைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாளே, இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது?