கையை எடுத்தும் நிற்காத சத்தம்

போன வருடம் தை மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரக் கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. வரவேற்பு மேடையில் எங்கள் மெல்லிசைக் குழு. நான் டபுள் பேஸ் வாசிப்பவள். ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் பெரிய வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்றுகொண்டு விரலால் மீட்டுவேன். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் கற்றது. கல்யாணமாகி அயோத்தியாப்பட்டணம் வந்தபோது, சீர்வரிசைப் பாத்திரங்களுக்கு நடுவே டெம்போவில் அதுவும் வந்தது.

கல்யாண மண்டப இரைச்சலில் அதன் சொந்தக் குரல் இரண்டாவது வரிசையைத் தாண்டாது. மைக் வைத்தால் பக்கத்து வாத்தியமெல்லாம் அதில் புகுந்துவிடும். அதனால் பிக்கப் வேண்டும். தந்தியின் அதிர்வைப் பிடித்து ஒயர் வழியே ஸ்பீக்கருக்கு அனுப்புகிற சின்ன வில்லை அது. வெளிநாட்டுச் சரக்கு நம் கைக்கு எட்டாது. ஆன்லைனில் மலிவாகக் கிடைத்ததை வாங்கினேன். முதலில் வந்தது பலகையில் ஒட்டுகிற ரகம். தந்தியைவிட என் வளையல் சத்தத்தைத்தான் நன்றாகப் பிடித்தது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, தந்தியைத் தாங்கும் குதிரையின் இடுக்கில் செருகுகிற ரகம் வாங்கினேன். அது லொடலொடவென்று ஆடியது. தக்கையைச் சீவி அண்டை கொடுத்தேன். இறுக்கினால் சத்தம் செத்துவிடும், தளர்த்தினால் கரகரக்கும். அப்புறமும் தகர டப்பாவைத் தட்டுவது போலத்தான் இருந்தது. நடுவில் ப்ரீ ஆம்ப் என்கிற குட்டிப் பெட்டியை மாட்டிய பிறகுதான் மரத்தின் குரல் வந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போயிற்று. சாம்பார் தீய்ந்த கதைகளை என் வீட்டுக்காரர் இன்றும் சொல்வார்.

இவ்வளவு பாடுபட்டு மாட்டியதைக் குழுவில் கொண்டுபோய்க் காட்டினேன். குழுத் தலைவர் நாமக்கல் பக்கத்துக்காரர். வயதில் மூத்தவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்போம். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அவரைக் கேட்பேன், என் சத்தம் கேட்கிறதா என்று. "ஜம்முனு கேக்குதுங்க அம்மிணி. நீங்க பாட்டுக்கு வாசிங்க" என்பார். சேந்தமங்கலத்தில் ஒரு பெரியவர் மேடை ஏறி வந்து, "நெஞ்சுக்குள்ளார அதிருச்சுங்க" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அன்று வீட்டுக்கு வந்து அதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

இப்போது புதுச்சத்திரத்துக்கு வருகிறேன். மூன்றாவது பாட்டோ நான்காவதோ, வீடியோ எடுப்பவர் பின்னால் நகர்ந்து வந்து என் ஒயரில் கால் வைத்துவிட்டார். குதிரை இடுக்கிலிருந்து பிக்கப் தெறித்து வெளியே வந்தது. பதறிப்போய்க் கையை எடுத்துவிட்டுக் குனிந்தேன். பாட்டு நடுவில் பேஸ் நின்றுபோனால் எவ்வளவு கேவலம்!

நிற்கவில்லை. ஸ்பீக்கரிலிருந்து தும் தும் என்று அதுபாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தந்திகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினேன். அப்போதும் வந்தது. திரும்பிப் பார்த்தால், கீபோர்டுக்காரரின் இடது கை என் பங்கை வாசித்துக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பாட்டு முடிந்ததும் நேரே கீழே இறங்கி ரேடியோ செட்டுக்காரரிடம் போனேன். எல்லா வாத்தியத்தின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரில் என் ஒயர் ஒழுங்காகச் செருகித்தான் இருந்தது. அதற்குரிய பட்டன் மட்டும் அடிமட்டத்தில் கிடந்தது.

"ஏத்தறதில்லீங்க்கா. ஊளையிட்டுதுன்னா பொண்ணு ஊட்டுக்காரங்க என்னையத்தான பேசுவாங்க? மொதல் நாள்ல இருந்தே அண்ணன் வேண்டாமுன்னுட்டாருங்க" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியுமுன்னுல்லீங்க நெனச்சேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! சேந்தமங்கலத்துப் பெரியவரின் நெஞ்சில் அதிர்ந்தது யார் கை என்று அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தால் 'ங்க' இல்லாமல் ஒரு வார்த்தை வராது இந்த அண்ணனுக்கு. மரியாதைக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் உன் வாத்தியம் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லும் மரியாதை மட்டும் இல்லை. நானும் அந்த 'ங்க'வை நம்பி ஒரு சீசன் முழுக்க ஊமையாக விரலை ஆட்டியிருக்கிறேன்.

அவரிடமே கேட்டேன். "கோவிச்சுக்காதீங்க அம்மிணி. நீங்க நின்னாலே மேடை நெறஞ்சு போவுதுங்க. அதப் பாக்கறதுக்குத்தான நம்மளக் கூப்புடறாங்க?" என்றார், சிரித்துக்கொண்டே.

"அதுக்குப் பூந்தொட்டி வெச்சா போதுமே அண்ணா" என்றேன்.

மேடை ஏறி, தெறித்த பிக்கப்பை மறுபடி குதிரை இடுக்கில் செருகினேன். அடுத்த பாட்டு ஆரம்பித்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அத்தனை பெரிய வாத்தியத்துக்குப் பக்கத்தில் ஒருத்தி சும்மா நின்றால் தெரியாமல் போகுமா? வீடியோ விளக்கு என் மேலேயே விழுந்தது. மணப்பெண்கூட எட்டிப் பார்த்தாள். பாடிக்கொண்டே அண்ணன் கண்ணால் ஜாடை காட்டினார். நான் மிக்ஸரைக் காட்டினேன். அவர் முறைத்தார். நானும் முறைத்தேன். கடைசியில், பாட்டு முடிந்த இடைவெளியில், ஏற்றச் சொல்லி ரேடியோ செட்டுக்காரருக்குக் கை காட்டினார்.

ஏற்றியதும் ஊளையிட்டது. மண்டபமே காதைப் பொத்தியது. பார்த்தீர்களா என்பது போல அண்ணன் என்னைப் பார்த்தார்.

இந்த ஊளை எனக்குப் புதிதா என்ன? ஸ்பீக்கரின் அதிர்வு வாத்தியத்தின் வயிற்றுக்குள் புகுந்து, பிக்கப் வழியாகத் திரும்பவும் ஸ்பீக்கருக்கே போவதால் வருவது. வீட்டில் துண்டை அடைத்து அடைத்துப் பழகியிருக்கிறேன். பேஸ் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து வாத்தியத்தைத் தள்ளி நிறுத்தினேன். அடைப்பதற்குத் துணி? நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போது எங்களுக்குப் போர்த்திய பொன்னாடை நாற்காலியில் கிடந்தது. அதை எடுத்து, வாத்தியத்தின் முகப்பிலுள்ள நீளத் துளைகளில் ஜரிகையோடு திணித்தேன். எனக்குப் போர்த்திய பொன்னாடைகளிலேயே உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான். மறுபடியும் ஏற்றச் சொன்னேன். ஊளை இல்லை.

மெதுவான பாட்டு ஒன்று எடுத்தார்கள். கீபோர்டுக்காரர் இடது கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் மீட்டினேன். தபேலாக்காரர் சட்டென்று தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தவர், அன்றுதான் என் வாசிப்பை ஸ்பீக்கரில் கேட்கிறார். கூட்டத்தில் பாதிப் பேர் பந்திக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் போட்டோவுக்கு வரிசையில் நின்றார்கள். யாரும் நெஞ்சைத் தொட்டுக் காட்டவில்லை. சரணத்தின் நடுவில் வேண்டுமென்றே ஒரு தட்டுக்குக் கையை எடுத்தேன். பாட்டின் அடியில் பள்ளம் விழுந்தது. மறுபடி மீட்டினேன், பள்ளம் மூடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தக் குழு அப்புறம் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. அண்ணனை நினைத்தால் இன்றும் எரிகிறது. இப்போது சேலத்தில் ஒரு சின்னக் குழுவில் வாசிக்கிறேன். ஸ்பீக்கரோடு சேர்ந்த என் சொந்த ஆம்ப் என் காலடியிலேயே இருக்கும். நன்றாகக் கேட்கிறது என்று யார் எத்தனை மரியாதையாகச் சொன்னாலும், முதல் பாட்டின் நடுவில் ஒரு தரம் கையை எடுத்துப் பார்த்துவிடுகிறேன். சத்தம் நின்றால்தான் எனக்கு நிம்மதி.